எட்டு வருடம் ஓடிய ஓவர்கிளாக் இப்போது ஏன் தடுமாறுகிறது?

“எட்டு வருடமாக இதே செட்டிங்கில்தான் ஓடுகிறது. ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. அதனால் ஓவர்கிளாக் காரணமாக இருக்கவே முடியாது.”

ஓவர்கிளாக் என்பது கணினியின் கணக்கெல்லாம் போடும் சிப்பான ப்ராசஸரை, தயாரிப்பாளர் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அப்படி ஓட்டிய பழைய டெஸ்க்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியதும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு வழக்கமான சடங்குகள் வரிசையாக நடக்கும். ஃபார்மட் அடிப்பார்கள். டிரைவரை மாற்றுவார்கள். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். கடைசியில் புது எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்குவார்கள். நானும் ஒரு காலத்தில் இதே வரிசையில் போய், நன்றாக இருந்த ராமைத் தூக்கி எறிந்தவன்தான்.

‘ஸ்டேபிள்’ (தடுமாறாமல் ஓடுவது) என்ற சொல்லை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. ஒருமுறை சோதனையில் தேறிவிட்டால் அது வாழ்நாள் சான்றிதழ் என்று நினைக்கிறோம். ஆனால் எட்டு வருடம் ஓடியது என்பது ஓவர்கிளாக்குக்குச் சாதகமான சாட்சி ஆகாது. பார்க்கப் போனால் எதிர்ச்சாட்சி. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## கைதட்டலுக்கு ஒரு செங்கல்

பத்துப் பேர் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிறார்கள். ஓரமாக ஒருவர் சீராகக் கை தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லோரும் தம் கையில் உள்ள செங்கலை அடுத்தவரிடம் தந்துவிட வேண்டும். தட்டுகிறவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் தயாரா என்று கேட்பதும் இல்லை.

தட்டு மெதுவாக இருக்கும்வரை எல்லோருக்கும் மூச்சு வாங்க நேரம் இருக்கிறது. வேகம் கூடக் கூட அந்த நேரம் சுருங்கும். ஒரு கட்டத்தில் வரிசையிலேயே மெதுவான ஆள் கைநீட்டி முடிப்பதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடும். செங்கல் தரையில். மற்ற ஒன்பது பேரும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது அங்கே எடுபடாது.

ப்ராசஸருக்குள் நடப்பதும் இதுதான். கை தட்டுகிறவர்தான் கிளாக். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடித் தட்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே 250 பிக்கோ நொடி. ஒளிகூட அதற்குள் ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். அந்த இடைவெளிக்குள் மின்குறி பல டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தாலேயே திறந்து மூடும் மிகச் சிறிய சுவிட்ச். சிப்பில் உள்ள வழிகளில் எது மிக மெதுவானதோ, அதுதான் சிப்பின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது.

புரிதலுக்காக ஒரு கணக்கு. மிக மெதுவான வழிக்கு 200 பிக்கோ நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கிகாஹெர்ட்ஸில் 50 மிச்சம். இந்த மிச்சத்துக்கு ‘அவகாசம்’ என்று பெயர் வைப்போம். கட்டுரை முழுக்க அதுதான் கதாநாயகன். 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் தட்டு இடைவெளி 222 ஆகிறது, அவகாசம் 22 ஆகச் சுருங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் அவகாசம் பூஜ்யம்.

தயாரிப்பாளர்கள் இந்த அவகாசத்தைத் தாராளமாகவே விட்டுவைப்பார்கள். சிப் சூடாகலாம், வோல்டேஜ் ஒரு கணம் இறங்கலாம், வருடங்கள் போகப் போக டிரான்சிஸ்டர்கள் தளரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கியது அது. 1998-இல் வந்த செலரான் 300ஏ சிப்பை, பஸ் வேகத்தை (ப்ராசஸருக்கு வெளியிலிருந்து வரும் அடிப்படைக் கிளாக்கை) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 300-க்குப் பதிலாக 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள் ஏராளம். 2011-இல் வந்த ஐ7 2600கே சிப்பின் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) மல்டிப்ளையரை 45 என்று வைத்து 4.5-இல் ஓட்டுவது அன்றைக்குச் சர்வசாதாரணம். மல்டிப்ளையர் என்பது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கை எத்தனையால் பெருக்குவது என்ற எண்.

சுருக்கமாக: ஓவர்கிளாக் செய்வது என்றால் கைதட்டலை வேகமாக்குவது. அந்த வேகம் வருவது பின்னாளுக்கென்று ஒதுக்கிய அவகாசத்திலிருந்து.

## வோல்டேஜ் என்கிற ஊக்க மருந்து

வேகத்தைக் கூட்டியதும் செங்கல் விழுகிறது. என்ன செய்வோம்? வோல்டேஜை ஏற்றுவோம். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர் சீக்கிரமாகத் திறந்து மூடும், தொலைந்த அவகாசத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு விலை உண்டு. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி, 3.4 கிகாஹெர்ட்ஸை 4.5 ஆக்கினால், வேகம் கூடியது சுமார் 32 சதவீதம். மின்செலவு கூடுவது சுமார் 67 சதவீதம். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சூடேறிய டிரான்சிஸ்டர் பொதுவாக மெதுவாகும். மெதுவானதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் என்று சக்கரம் சுற்றும்.

## எதற்கெல்லாம் வயதாகிறது

‘சிப்பில் அசையும் பாகம் எதுவும் இல்லை, அது எப்படித் தேயும்’ என்று கேட்பவர்கள் உண்டு. தேயும்.

முதலில் சிலிக்கான். வோல்டேஜும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் அழுத்தும்போது, டிரான்சிஸ்டரின் கதவுப் பகுதியில் உள்ள மெல்லிய மின்காப்புப் படலத்தில் மின்னூட்டங்கள் சிக்கிக்கொள்கின்றன. சுவிட்சைத் திறக்க முன்பைவிடச் சற்று அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அதே வோல்டேஜைக் கொடுத்தால் திறப்பு தாமதமாகிறது. வரிசையில் நிற்பவருக்கு மூட்டுவலி வந்த மாதிரி. இன்னொன்று, எலக்ட்ரான்கள் ஓடும் வேகத்தில் கம்பியில் உள்ள உலோக அணுக்களையே மெல்லத் தள்ளிக்கொண்டு போகின்றன. இதற்கு எலக்ட்ரோமைக்ரேஷன் என்று பெயர். மின்னோட்டத்தின் நெருக்கமும் சூடும் கூடினால் கம்பியின் ஆயுள் எவ்வளவு செங்குத்தாகச் சரியும் என்பதற்கு மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியிலேயே சமன்பாடு கொடுத்துவிட்டார். ஓவர்கிளாக் செய்கிறவர் ஏற்றுவது இந்த இரண்டையும்தான்.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் என்று நினைத்தவர்களுக்கு 2024-இல் விடை கிடைத்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலருக்கும் நிலைகுலையத் தொடங்கின. தேவைக்கு மேல் போன வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கோருக்குள் (ப்ராசஸரின் கணக்கிடும் பகுதிக்குள்) கிளாக்கைப் பரப்பும் சுற்றையே முன்கூட்டி மூப்படையச் செய்தன என்று இன்டெல்லே விளக்கியது. மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. உத்தரவாதம் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. அந்தத் திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்குமே தவிர, ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை இளமையாக்காது.

இரண்டாவது, சிப்புக்கு மின்சாரம் கொண்டுவரும் வழி. எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். அதை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றியுள்ள மின்சுற்று. 1.2 வோல்ட்டில் 120 வாட் என்றால் 100 ஆம்பியர்! அவ்வளவு மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி இறங்கும்போது வோல்டேஜ் குலுங்காமல் பார்த்துக்கொள்பவை கெபாசிட்டர்கள். அவற்றில் திரவம் அடைத்த வகைக்கு ஆயுள் உண்டு. திரவம் மெல்ல உலரும், குலுக்கலைத் தாங்கும் திறன் குறையும். சூடு 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் கைக்கணக்கு. பிந்தைய மதர்போர்டுகள் பலவற்றில் உலராத திட வகைக் கெபாசிட்டர்கள் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்னமும் பெரும்பாலும் பழைய வகைதான்.

மூன்றாவது ரொம்பச் சாதாரணம்: தூசி அடைத்த ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்), தளர்ந்த விசிறி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை). முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். 70 டிகிரியில் சோதித்துத் தேறிய செட்டிங் 88 டிகிரியில் தேறும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை. கணினிக்கு வயதே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அதற்குக் கொடுக்கும் வேலை மாறிவிட்டது. 2011-இல் ஏவிஎக்ஸ் என்ற புது வகைக் கட்டளைகள் ப்ராசஸர்களுக்குள் வந்தன. ஒரே தட்டில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடுபவை. மின்சாரத்தையும் அதற்கேற்ப இழுப்பவை. அன்றைக்கு அவற்றைப் பயன்படுத்திய மென்பொருள்கள் குறைவு, இன்று ஏராளம். நீங்கள் வாங்கிய சான்றிதழ் பழைய பாடத்திட்டத்துக்கானது.

சுருக்கமாக: அவகாசத்தை நாம் ஒரு பக்கம் சாப்பிட்டோம். சிலிக்கான், கெபாசிட்டர், தூசி, புதிய மென்பொருள் ஆகியவை மறுபக்கம் கொறிக்கின்றன. எட்டு வருடம் அதிக வோல்டேஜில் ஓடியது என்றால் எட்டு வருடம் கொறிக்கப்பட்டிருக்கிறது.

## விழுந்த செங்கல் எங்கே தெரியும்?

செங்கல் வரிசைக்குத் திரும்புவோம். மூன்றாவது ஆளின் கையிலிருந்து ஒன்று விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் சுவர் கட்டுபவர் ஒரு செங்கல் குறைவாகவே கட்டுகிறார். சாயங்காலம் சுவர் சரிகிறது. எல்லோரும் கொத்தனாரைத் திட்டுகிறார்கள்.

புளூ ஸ்கிரீனில் (விண்டோஸ் விழும்போது வரும் நீலத் திரையில்) வரும் பெயர் பெரும்பாலும் அந்தக் கொத்தனார்தான். ஒரு பிட் (0 அல்லது 1) தவறாக மாறியது ப்ராசஸரில். அந்தத் தவறான முகவரியை நம்பி நினைவகத்தைத் தொட்டு மாட்டிக்கொண்டது கிராஃபிக்ஸ் டிரைவர். திரையில் வருவது டிரைவரின் பெயர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறதா? மென்பொருள் மேல் உள்ள சந்தேகத்தைக் குறைத்து வன்பொருள் மேல் கூட்டுங்கள்.

இன்னொரு பொதுவான தவறு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது. ‘கணினி முறைப்படி அணையாமல் மறுபடி எழுந்தது’ என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. எதனால் அணைந்தது என்று அதற்கே தெரியாது. அதைவிட ‘டபிள்யூஎச்இஏ லாகர்’ என்ற பெயரில் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ராசஸர் தன்னுள்ளோ தன்னோடு இணைந்த சாதனத்திலோ பிழை கண்டு தானே புகார் எழுதுவது அது. சில பிழைகளைத் திருத்திக்கொண்டு சத்தமில்லாமல் எழுதிவைத்திருக்கும். கணினி விழுவதற்கு வாரங்கள் முன்பே அங்கே தடயம் இருக்கலாம்.

செங்கல் விழுந்து, சுவரும் சரியாமல், உள்ளே ஒரு ஓட்டை மட்டும் நின்றுபோவதும் உண்டு. அதாவது பிழையான பிட் அப்படியே ஹார்ட் டிஸ்கில் எழுதப்பட்டு, புகைப்படமோ கோப்போ சத்தமின்றிக் கெட்டுவிடுவது. இதில் எனக்குப் பெரிய பயம் அதுதான். காப்புப் பிரதி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் தடுமாறும் கணினியை அதே செட்டிங்கில் வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள்; நகலும் கெடும். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு நகலெடுங்கள். பழைய காப்புப் பிரதி இருந்தால் அதன்மேல் எழுதாமல் தனியாக வையுங்கள்.

## முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எதையும் வாங்குவதற்கு முன், ஃபார்மட் அடிப்பதற்கு முன், ஒரே கேள்வி: தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில் ஓட்டினால் நிற்கிறதா?

பயாஸுக்குள் போய் ‘டிஃபால்ட்’ செட்டிங்கை ஏற்றுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஹார்ட் டிஸ்க் இணைப்பு ஏஹெச்சிஐ முறையிலா ரெய்டு முறையிலா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஃபால்ட் போட்டதும் அது மாறி, விண்டோஸ் எழவே மறுக்கும் சங்கடம் நடப்பதுண்டு. அதை மட்டும் பழையபடி வைத்தால் போதும்.

ராமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அணையுங்கள். ‘அது ராம் பெட்டியிலேயே போட்டிருக்கும் வேகம்தானே’ என்பார்கள். டிடிஆர்4 ராமின் தர வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி வழக்கமாகக் கேட்பது 1.35. பெயர் எதுவானாலும் அதுவும் ஓவர்கிளாக்தான். கிராஃபிக்ஸ் கார்டை ஏற்றியிருந்தால் அதையும் இறக்குங்கள்.

எத்தனை நாள் பொறுப்பது? இரண்டு நாளுக்கு ஒருமுறை விழும் கணினி ஒரு நாள் விழவில்லை என்றால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருங்கள். விழுவது தாறுமாறான இடைவெளியில் என்றால், கோளாறு அப்படியே இருந்தும் ஆறு நாள் தற்செயலாகத் தப்பிக்க வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். அந்த நாட்களில் வேறு எதையும் மாற்றக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களை மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்பது கடைசிவரை தெரியாது.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும்போது கடிகாரம் பின்னுக்குப் போகும். போர்டைப் பொறுத்து பயாஸ் செட்டிங்கும் டிஃபால்டுக்குத் திரும்பும். ‘இடம் மாற்றி வைத்ததும் தானாகச் சரியாகிவிட்டது’ என்று சிலர் சொல்வதன் பின்னால் செத்துப்போன பேட்டரி இருக்கலாம்.

## டிஃபால்டிலும் விழுந்தால்

அப்படியென்றால் பெரும்பாலும் கெட்டுப்போன பாகம் ஏதோ இருக்கிறது. இங்கே வேலை நேரடியானது.

ராமுக்கு மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை யுஎஸ்பியிலிருந்து எழுப்பி ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். இங்கே ‘ஒரே ஒரு எரர்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒன்று வந்தாலே கோளாறு. ராம்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால், கெட்டது ராமா ஸ்லாட்டா என்று பிரித்துவிடலாம்.

புளூ ஸ்கிரீன்கூட வராமல், வேலை கனக்கும் நொடியில் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள். 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மல்டிமீட்டரில் சரியாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது. கணநேரக் குலுக்கலை அது காட்டாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பழையதைப் பிரித்துப் பார்க்க மட்டும் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான வோல்டேஜ் தேங்கியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 என்ற எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது என்று அர்த்தம். 199 ஏறினால் அநேகமாக டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். சூட்டைப் பொறுத்தவரை, இன்றைய ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டிஃபால்டில் சூட்டின் அறிகுறி பெரும்பாலும் மந்தமாவதுதான், விழுவதல்ல.

## டிஃபால்டில் நின்றால்

பாகங்கள் கெடவில்லை, அவகாசம்தான் தீர்ந்திருக்கிறது. முதலில் தூசி தட்டி, தெர்மல் பேஸ்டை மாற்றிவிட்டு பழைய செட்டிங்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அதோடு கதை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இரண்டு வழி. வோல்டேஜை இன்னும் ஒரு படி ஏற்றுவது ஒன்று. நான் அதைச் செய்ய மாட்டேன். மூப்பைக் கொண்டுவந்த மருந்தையே கூட்டிக் கொடுப்பது அது, சில மாதங்களில் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். மல்டிப்ளையரைக் குறைப்பது மற்றது. 45-ஐ 43 ஆக்குங்கள், போதவில்லையென்றால் 42.

மறுசோதனைக்கு பிரைம்95 நல்ல கருவி. மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்துக்காக உருவானது. சரியான விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைப் போட வைப்பதால், கணினி விழாமல் தவறு மட்டும் செய்தாலும் பிடித்துவிடும். வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். ஆனால் முழுச் சுமைச் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது ப்ராசஸர் வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்தே இறக்கும். சில ஓவர்கிளாக் அமைப்புகளில் அந்த இறக்கம் அளவுக்கு மிஞ்சி, யாரும் தொடாத நேரத்தில் கணினி உறைந்துபோகும். ஆகவே சில நாட்கள் வழக்கமான வேலையும், இடையிடையே சும்மா விட்டுவைப்பதும் சோதனையின் பகுதியே.

4.5-இலிருந்து 4.2-க்கு இறங்கினால், ப்ராசஸரை மட்டுமே நம்பிய ஒரு மணி நேர வேலை ஏறக்குறைய 64 நிமிடமாகும். புது மல்டிப்ளையர், வோல்டேஜ், முழுச் சுமையில் வந்த வெப்பநிலை, தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி கேபினட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் அதே சுமையில் வெப்பநிலை பத்து டிகிரி ஏறியிருந்தால், முதலில் ஸ்க்ரூ டிரைவரையும் தூரிகையையும் எடுத்தால் போதும்.